சத்தமில்லாத கம்ப்யூட்டரும் சம்பந்தியம்மாளும்

எங்கள் வீட்டு மானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு இருபத்தைந்துக்குப் போக ஆரம்பித்தது. போகும்போது துளிச் சத்தம்கூட இல்லை. அப்படிச் சத்தமில்லாமல் போவதற்கான எல்லா ஏற்பாட்டையும், கடை கடையாக ஏறி இறங்கி, நானே செய்து வைத்திருந்தேன்.

குன்னூரில் எங்கள் வீட்டில் மின்விசிறி கிடையாது. கோயமுத்தூரில் தலைக்கு மேல் சுற்றும் விசிறி, கம்ப்யூட்டர் போடும் சத்தத்தை விழுங்கிவிடும். இங்கே விழுங்க ஆளில்லை. டிவியில் கதாநாயகி கண்ணீர் விடுகிற நேரமாகப் பார்த்து, பக்கத்தில் பழைய கம்ப்யூட்டரின் உள்விசிறி ஆஸ்துமாக்காரர் மாதிரி மூச்சு வாங்கும். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். நான் கணக்கு வாத்தியார். கடைசி பெஞ்சில் ஒருவன் பேனா மூடியைக் கடித்தால்கூட எனக்குக் கேட்டுவிடும் என்று பெருமைப்பட்டுக் கொள்கிறவன்.

ஆகவே, டிவியோடு இணைத்துப் படம் பார்ப்பதற்கென்றே ஒரு நிசப்தமான கம்ப்யூட்டர் சேர்ப்பது என்று முடிவெடுத்தேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பாகத்தையும் விசாரித்தேன். விசிறி இல்லாமல் தானே குளிர்ந்துகொள்ளும் பிராசஸர், அதன் முதுகில் முள்ளம்பன்றி மாதிரி அலுமினியத் தகடுகள். ஹார்ட் டிஸ்க் 'கிர்க் கிர்க்' என்னும், வேண்டாம், சத்தமே போடாத எஸ்.எஸ்.டி. போதும். பவர் சப்ளையிலும் விசிறி கூடாது. அடியில் ரப்பர் பாதம். எல்லாம் சேர்ந்த பிறகு பார்த்தால் முகப்பில் ஒரு நீல விளக்கு மினுக்கியது. இருட்டில் கண்ணை உறுத்துமே! கறுப்பு டேப் ஒட்டினேன். வீடியோ காலுக்காக டிவி மேல் வைத்த கேமராவில் ஒரு பச்சைப் புள்ளி. அதற்கும் டேப்.

மாட்டிக் கொடுத்த கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஏனுங்க சார், இது ஓடுதா, நின்னுருச்சான்னு எப்படீங்க கண்டுபிடிப்பீங்க?"

"கண்டுபிடிக்கவே கூடாதுங்க. அதுதான் வேணும்" என்றேன். (சில வரங்களைக் கடவுள் உடனே கொடுத்துவிடுகிறார்.)

என் மகள் நித்யா கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை செய்யும் பிரபுவைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றாள். பையனுக்கு ஊர் கோத்தகிரிப் பக்கம். அப்பா இல்லை. அம்மா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்துப் படிக்க வைத்திருக்கிறார். நான் வழக்கம்போல மாதக்கணக்கில் கவலைப்பட்டுவிட்டு, கடைசியில் சரி என்றேன். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கூடினோம். புது கம்ப்யூட்டரைக் காட்டிக்கொள்ள எனக்கும் ஒரு சாக்கு.

டிவி முழுக்கச் சம்பந்தியம்மாள் முகம். பின்னால் பிரபு, அவன் சித்தி, சித்தப்பா. ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் விடுதியிலிருந்து நித்யா.

"ஏனுங்க சம்பந்தி! சௌக்கியங்களா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரிமோட்டில் ஒலியைக் குறைத்தேன். மறுபடியும் குறைத்தேன். ஒருவழியாக நாள் குறித்து முடிந்தது. "அப்ப வெச்சுரட்டுங்களா!" என்றார். நான் கும்பிட்டேன். அதே ரிமோட்டால் டிவியை அணைத்தேன். திரை இருண்டது.

டிவிதான் அணைந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை. அழைப்பும் முடியவில்லை. சத்தமில்லாமல், வெளிச்சமில்லாமல், கேமராவும் மைக்கும் விழித்துக்கொண்டிருந்தன.

"அப்பாடா!" என்று காதைக் குடைந்தேன். "மல்லிகா, இது பேச்சா, ஃபேக்டரி சங்கா?"

"சும்மாருங்க, பக்கத்து ஊட்டுக்குக் கேக்கப்போகுது" என்றாள் என் மனைவி, சிரித்துக்கொண்டே. அவள் என் நகைச்சுவைக்குச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அது எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"கல்யாணத்துக்கு மைக் செட்டே வேண்டாம். அந்தம்மா மேடையில நின்னா போதும், ஊட்டி வரைக்கும் கேக்கும்!"

அதோடு நிறுத்தினேனா? மல்லிகாவின் சால்வையை எடுத்து முக்காடு போட்டேன். இடுப்பில் கையை வைத்தேன். "ஏனுங்க சம்பந்தி! பொண்ணுக்கு மெரூன் கலர் எடுக்கலாங்களா? ஏனுங்க, கேக்குதுங்களா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தியபடி, கேமராவுக்கு நேர் எதிரே, இரண்டு சுற்று நடந்தேன்.

அந்தப் பக்கம் பிரபு "மாமா, எல்லாம் கேக்குது மாமா!" என்று கதறியிருக்கிறான். டிவியை அணைத்த எனக்கு எப்படிக் கேட்கும்? நித்யா என் போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள். என் போன் எப்போதும் சைலண்டில்தான் கிடக்கும். சமையலறையில் சார்ஜில் கிடந்த மல்லிகாவின் போன் நன்றாகத்தான் அடித்தது. நான் போட்ட சத்தத்தில் அது எங்கள் காதில் விழவில்லை.

டீ போடப் போன மல்லிகா போனைக் காதில் வைத்தபடி திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. போனை என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, மொதல்ல அந்தப் பொட்டியோட ஒயரப் பிடுங்குங்க" என்றாள் நித்யா. அழுதுகொண்டிருந்தாள்.

பெட்டியைத் தொட்டேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த வர்க்கி பிஸ்கட் மாதிரி வெதுவெதுவென்று இருந்தது.

"அவங்களாவது கட் பண்ணியிருக்கலாமே?" என்றேன், ஈனக் குரலில்.

"போனு அவங்க சித்தப்பா கையில. அவரு விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, விடவே இல்ல." பிறகு சொன்னாள்: "அத்தைக்குக் காது கேக்காதுப்பா, காதுகிட்டப் போய்க் கத்துனாத்தான் கொஞ்சம் கேக்கும். தேயிலை நொறுக்கற சி.டி.சி. மெஷின் பக்கத்துலயே நின்னு வேலை செஞ்சு போயிருச்சு. அதனாலதான் சத்தமாப் பேசறாங்க. ஒதட்டப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவாங்க."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னேன். நீங்க அப்ப கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்தப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க."

பேனா மூடிச் சத்தம் கேட்கிற காது இது. என் போனை எடுத்துப் பார்த்தேன். பிரபுவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்திருந்தது: 'அம்மா நாளைக்கு நேர்ல வர்றாங்க.' எதற்கு என்று இல்லை. "இந்தக் கல்யாணம் நின்னுதுன்னா..." என்று ஆரம்பித்த நித்யா, முடிக்காமலே போனை வைத்துவிட்டாள்.

(இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் யாரைப் பற்றியாவது வாயைத் திறந்தால், மல்லிகா எழுந்துபோய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜில்லுனுதான் இருக்குது, பேசுங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன்.)

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆட்டோ வந்தது. பிரபு இறங்கினான், என்னைப் பார்க்காமல் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தான். பின்னால் சம்பந்தியம்மாள், மஃப்ளரும் ஸ்வெட்டருமாக. உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் எதிரே நின்று, உதடு தெரியும்படி முகத்தை நிமிர்த்தி, "என்னை மன்னிச்சிருங்க" என்றேன். குரல் வரவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

என் உதட்டையே பார்த்தார். பிறகு ஜன்னல் கண்ணாடி அதிரச் சொன்னார்:

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டுங்க சம்பந்தி! நேத்து எல்லாரும் சிரிக்கறாங்க, நீங்க நடந்துக்கிட்டே பேசுனதுல ஒதடு தெரியாம எனக்கு மட்டும் ஒண்ணும் வெளங்கல, அப்புறம் பையன்தான் சொன்னான். என் குரல நான் கேட்டே ரொம்ப வருசமாச்சுங்க. அந்தச் சால்வையப் போட்டுக்கிட்டு இப்படி என் காதுகிட்ட வாங்க. நான் எப்படிப் பேசறேன்னு இன்னொருக்கா பேசிக் காட்டுங்க. நல்லாச் சத்தமா!"