கடைசி இரண்டு நிமிடத்தில் பூச வேண்டிய சாஸ்

சிகமோர் தெரு, ஓஹையோ
ஜூலை 6

அன்புள்ள மைத்துனன் டுவைட்டுக்கு,

உன் அத்தான் வெர்னன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் மார்லீனும் சுகம். கன்சாஸ் சிட்டியில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் அடுப்பைக் கரியாக்கிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தவனுக்கு என்ன குறை? வழக்கமாக இந்த இடத்தில் உன் முதுகுவலியைப் பற்றி விசாரிப்பேன். இந்தத் தடவை விசாரிப்பதாக இல்லை.

நான்காம் தேதி நீ செய்த காரியத்தை நீ இதற்குள் மறந்திருப்பாய் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். இந்தத் தெருவின் ஜூலை நான்கு சுதந்திர தின விருந்துக்கு இருபத்து மூன்று வருடமாக நான்தான் ஹாட் டாக் சுடுகிறேன். என் கரி அடுப்பு, என் இடுக்கி. நான் சுட்டு எடுத்து வைப்பேன், மார்லீன் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், தெரு வரிசையில் நிற்கும். இதில் ஒரு வருடம் கூடப் பிசகியதில்லை. புயல் எச்சரிக்கை வந்த வருடம் குடையைப் பிடித்துக்கொண்டு சுட்டேன். நீ வந்து இறங்கியதும் இறங்காததுமாக என் அடுப்பைச் சுற்றி வந்து, மூக்கைச் சுளித்து, எல்லார் காதிலும் விழும்படி ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

"ஹாட் டாக்கா? எங்க ஊர்ல இறைச்சி வேகுற வரைக்கும் இதத்தான் நாய்க்குப் போட்டுட்டு இருப்போம், அத்தான்."

நான் சிரித்தேன். விருந்தாளி ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் பழைய மயோனைஸ் பாட்டிலில் ஏதோ கறுப்பாக எடுத்து நீட்டினாய். நீயே காய்ச்சிய பார்பிக்யூ சாஸாம். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் வாங்கும்போதே சொன்னேன் இல்லையா? இந்த சாஸில் பாதி வெல்லப்பாகு, சீக்கிரம் பூசினால் தீய்ந்துவிடும், கடைசி இரண்டு நிமிடத்தில்தான் பூச வேண்டும், அதையும் நான்தான் பூசுவேன், அதுவரை யாரும் அடுப்பு மூடியைத் தொடக்கூடாது. உன்னிடமும் மார்லீனிடமும் ஆளுக்கு இரண்டு தடவை சொன்னேன். சொல்லிவிட்டு, அறுபது ஹாட் டாக்கையும் அடுப்பில் அடுக்கி மூடிவிட்டு, மடக்கு நாற்காலி எடுக்கக் கார் கொட்டகைக்குப் போனேன். போய் வந்தது பத்து நிமிடம் கூட இருக்காது. அந்தப் பத்து நிமிடம் உனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வந்தால் போதகர் ஹாலிஸ் எல்லாரையும் வட்டமாக நிறுத்திவிட்டார். கையைக் கோத்துக்கொண்டு ஜெபம். என் வலது கை போதகரின் மனைவியிடம், இடது கை மார்லீனிடம். அவள் கை ஒரே பிசுபிசுப்பு, வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். போதகர் தேசத்துக்காக ஜெபித்தார், சோளத்துக்கு மழை கேட்டார், திருமதி ஆம்ப்ரோஸின் இடுப்பெலும்புக்காகக் கேட்டார். அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த வாசனை வந்தது. டுவைட், வெல்லப்பாகு தீயும் வாசனை எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரே ஆண்டவரே என்கிறேன், மூக்கு மட்டும் அடுப்பிலேயே இருக்கிறது. போதகரோ ஊர்ப் பேஸ்பால் அணிக்கு வந்துவிட்டார், ஒவ்வொரு ஆட்டக்காரனாகப் பேர் சொல்லி ஆசி கேட்கிறார். ஒன்பது பேர். ஆறாவது பேரில் நான் ஒரு கண்ணைத் திறந்தேன். மூடியின் துளை வழியாகப் புகை கறுப்பாக வருகிறது. நாற்பது பேர் கண்ணை மூடி நிற்க, திறந்திருந்த இன்னொரு கண் உன்னுடையது. நீ அடுப்பைப் பார்க்கிறாய், அக்காளைப் பார்க்கிறாய், மறுபடி அடுப்பைப் பார்க்கிறாய். அவளோ பாவம், கண்ணை இறுக மூடி, உதடு துடிக்க, கல்யாணமான நாற்பத்தொரு வருடத்தில் நான் பார்த்திராத பக்தியோடு ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். நான் கையை உருவப் பார்த்தேன். அவள் விட்டால்தானே!

ஆமென் வந்ததும் ஓடிப்போய் மூடியைத் தூக்கினேன். காற்று பட்டதுதான் தாமதம், குப்பென்று பிடித்துக்கொண்டது. அறுபது ஹாட் டாக்கும் தலை முதல் கால் வரை சாஸ் பூசிக்கொண்டு எரிகின்றன. மூடியைத் திரும்பப் போட்டால் தானாக அடங்கியிருக்கும். அதற்குள் நீ தோட்டத்து ரப்பர் குழாயை இழுத்து வந்து பீய்ச்சினாய் பார், அந்த அறிவை எந்தக் கடையில் வாங்கினாய்? கரியும் சாம்பலும் பறந்து போய் போதகர் மனைவியின் உருளைக்கிழங்கு சாலட்டில் இறங்கிவிட்டது. அந்த அம்மாள் அகப்பையை மட்டும் எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். யார் பூசியது என்று கேட்டேன். நீ என்னைப் பார்க்காமல் அக்காளைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"நான்தான் பூசினேன், அத்தான்."

மன்னிப்பு உண்டா? கிடையாது. அறுபது ஹாட் டாக்குக்கு சாஸ் பூசியவன் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுக் கறை கூட இல்லை. அதைப் பார்த்து எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது, நீ உள்ளே போய் ஒளிந்துகொண்டாய். பக்கத்து வீட்டு கேரி தன் காஸ் அடுப்பை உருட்டிக்கொண்டு வந்தான். பொத்தானைத் திருகினால் எரிகிற பொம்மை அடுப்பு, டுவைட். ஐந்து வருடமாக அதை நான் கேலி செய்திருக்கிறேன். தெரு மொத்தமும் போய் அவனிடம் வரிசையில் நின்றது. என் தோளில் கை போட்டு அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணே, இத்தன வருஷம் செஞ்சீங்க. அடுத்த வருஷம் நீங்க உக்காந்து சாப்பிடுங்க, நாங்க பாத்துக்கிறோம்."

உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறான், என்னை! கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்பாகச் சொன்னான், என்ன செய்ய? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பட்டறையை விட்டு ஓய்வு பெற்ற பிறகு இந்த ஊரில் வெர்னன் வேண்டும் என்று யாராவது தேடுகிற நாள் வருடத்தில் அது ஒன்றுதான். அதையும் ஒரு பாட்டில் சாஸில் முடித்துவிட்டாய்.

ஆகவே இனி நீ இந்த வீட்டு வாசற்படி மிதிக்க வேண்டாம். நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கும் வேண்டாம், கிறிஸ்துமஸுக்கும் வேண்டாம். உன் பாட்டிலைக் கழுவித் தபாலில் அனுப்புகிறேன்.

உன் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. உனக்கு மட்டும், ஆண்டவர் கொடுத்தால் உண்டு.

இப்படிக்கு,
மனம் கொதிக்கும் அத்தான்,
வெர்னன்

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்க வழக்கம்போல் மார்லீனிடம் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தாள். அப்புறம், பிரஷ்ஷை எடுத்து சாஸ் பூசியது தான்தான் என்றாள். "நீங்க என்னத் திட்டுவீங்கன்னு அவன் முந்திக்கிட்டுப் பழிய ஏத்துக்கிட்டான். இருபத்து மூணு வருஷமா தட்டப் பிடிச்சுட்டு நிக்கிறேன், ஒரு தடவ அந்த இடுக்கிய என் கையில குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். கொடுத்ததில்லை. ஆகையால் மேலே எழுதியது எல்லாம் ரத்து, குழாய்த் தண்ணீர் நீங்கலாக. அது நீதான். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு வந்து சேர், இன்னொரு பாட்டில் சாஸோடு. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? இப்போது கொல்லையில் உன் அக்காளே அடுப்பு மூட்டியிருக்கிறாள். கடைசி இரண்டு நிமிடமாம், தட்டைப் பிடிக்க ஆள் வேண்டுமாம், கூப்பிடுகிறாள். போகிறேன்.