முடிஞ்சுதண்ணன் ஓட்டிய பிக்கப்

நல்ல செய்தி சொல்லத் தெரியாத மனிதர்கள் நீலகிரி மலையில் பலர் உண்டு. ஆனால் முடிஞ்சுதண்ணனுக்குப் பக்கத்தில் நிற்க ஒருவருக்கும் தகுதி கிடையாது. கிளென்மார்கன் பக்கம் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த தேயிலை எஸ்டேட்டில் அவர் மெக்கானிக். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை.

எந்த வண்டி நின்றாலும் வருவார். கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எழவு வீட்டுக் கதவைத் தள்ளுவது போல மெதுவாக பானெட்டைத் திறப்பார். பிறகு ஒரு பெருமூச்சு.

"முடிஞ்சுதுங்க."

அரை மணியில் வண்டி ஓடும். ஓடுகிற வண்டியையும் கடைசித் தடவையாகப் பார்ப்பவர் போலவே பார்த்துக்கொண்டு நிற்பார்.

புதிதாக வந்த மேனேஜர் பளபளவென்ற ஜீப்பைக் காட்டி, "எப்படிய்யா இருக்கு?" என்றார். அண்ணன் ஒரு சுற்று வந்தார். டயரைத் தடவினார். "நல்ல வண்டிங்க," என்றவர், கொஞ்சம் பொறுத்து, "பாவம்," என்றார். மேனேஜர் ஒரு வாரம் நடந்தே தோட்டம் சுற்றினார்.

என் கல்யாணப் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கி, முழுக்கப் படித்துவிட்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆறுதலாக.

வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்று எஸ்டேட்டில் இருந்தது. ஒரு ஆடி மாத மத்தியானம், கொட்டும் மழையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ராசாத்தியைக் காட்டெருமை முட்டிவிட்டது. தொடை கிழிந்து எலும்பு தெரிந்தது. அவள் புருஷன் கோயம்புத்தூர் போயிருந்தான். டிரைவருக்குக் காய்ச்சல். முடிஞ்சுதண்ணனே ஓட்ட உட்கார்ந்தார். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில், ராசாத்தியின் தலையை மடியில் வைத்து, காயத்துத் துணியை அழுத்திப் பிடித்தபடி நான்.

சோலூர் தாண்டியதும் வண்டி இருமியது. இன்னொரு வளைவு ஏறியதும் நின்றது. செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. சுற்றிலும் மூடுபனி, ஆள் அரவமே இல்லை.

"என்னாச்சுங்கண்ணா?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்லீங்க ரைட்டரே, இப்பக் கெளம்பிரும்!"

அதுவரை முனகிக்கொண்டிருந்த ராசாத்தி கண்ணைத் திறந்தாள். உதடு துடித்தது. "ரைட்டரய்யா, அண்ணன் ஒண்ணுமில்லைங்கறாரே... அப்ப நான் பொழைக்க மாட்டனா?" என்று விம்மினாள்.

அவர் காதிலும் அது விழுந்துவிட்டது.

"யாரம்மா ஒண்ணுமில்லைன்னது? முடிஞ்சுது! பேட்டரி போச்சு, பிளக் போச்சு, பம்ப்பும் போச்சு! இது வண்டியே இல்லம்மா, பொணம்!"

ராசாத்தி மூச்சை இழுத்துவிட்டாள். அழுகை அடங்கியது. முன்பக்கமிருந்து ஒப்பாரி தொடர்ந்தது. அத்தனையும் பொய் என்று பிறகுதான் சொன்னார். பேட்டரி நன்றாக இருந்ததாம். பிளக் கம்பியில் பொறியும் வந்ததாம். பம்ப்புக் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் மட்டும் வரவில்லையாம்.

டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ஒரு குச்சியோடு என் பக்கம் வந்து மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. அவர் குச்சியை உள்ளே விடவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்றுப் போக மூடியில் ஊசி முனையளவு துளை இருக்கும். அது அடைபட்டால் பெட்ரோல் இறங்காது, வண்டி நின்றுபோகும். துளையில் பச்சைப் பெயிண்ட் அடைந்திருந்தது. முந்தின வாரம் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தது அவர்தான். அதற்குப் பிறகு வண்டி வெளியே வந்தது அன்றுதான்.

"நாந்தானுங்க," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு குரலை உயர்த்தி, "டேங்க்கும் போச்சும்மா!"

"போவட்டும்ணா," என்றாள் ராசாத்தி, ஏறக்குறைய நிம்மதியாக.

மூடியை எறிந்துவிட்டு, டேங்க் வாயில் துணியைத் தளர்வாகக் கட்டினார். சிறிது நேரத்தில் இன்ஜின் உறுமியது. ஊட்டி ஆஸ்பத்திரி வரை நிற்கவேயில்லை.

உயிருக்குப் பயமில்லை, கால் பழையபடி ஆகாது என்றார் டாக்டர்.

"ஏனுங்க டாக்டரய்யா, அரை மணி முன்னாடி வந்திருந்தா காலு..." அண்ணன் முடிக்கவில்லை.

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதுப்பா," என்று உள்ளே போய்விட்டார்.

ராசாத்தி கோல் ஊன்றி நடந்தாள். மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாததால் பிள்ளைக் காப்பகத்தில் வேலை கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்கு விறகு பிளந்து போட்டுவிட்டு வருவார் அண்ணன். "அண்ணனாலதான் பொழைச்சேன்," என்று அவள் பேச்செடுத்தால் எழுந்து நடந்துவிடுவார். பெயிண்ட் விஷயம் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து நெஞ்சுச் சளியில் அவர் போய்ச் சேர்ந்தார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அன்றைய ஆஸ்பத்திரி வாசல்தான். எதிர்க்கடையில் டீ வாங்கி வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரின் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானே பிடித்துக்கொண்டேன். குழந்தை போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். என் விரல் சுட்டது. கீழே வைக்க மனம் வரவில்லை.