வாவிக்கரை வானொலியின் முதல் கோல்

அன்புள்ள உதயரூபன் மாமாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். கொழும்பில் நீங்களும் சுகமாக இருக்கவேண்டுமென்று பிள்ளையாரை வேண்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் கேட்டால் வர்ணனை செய்தே தப்பிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நம்முடைய வாவிக்கரை விளையாட்டு வானொலிக்கு இந்த மாதம் பத்து வயது. அதன் வரலாற்றை எழுதி, முப்பதாம் திகதி ஒலிபரப்பில் நானே வாசிக்கவேண்டும். சத்தம் எதிரொலிக்காமலிருக்க முட்டை மட்டை ஒட்டிய அறை, கோயிலில் இரவல் வாங்கிய மைக் எல்லாம் எழுதிவிட்டேன். அடுத்தது முதல் ஒலிபரப்பு: ஏறாவூரில் நடந்த உதைபந்தாட்ட இறுதிப்போட்டி, உங்கள் நேரடி வர்ணனை, கடைசி நிமிடத்தில் நாகரெத்தினம் அண்ணன் அடித்த கோல். வரலாற்றுக்கு இரு தரப்புச் சாட்சியும் வேண்டும் என்று படித்திருந்ததால், எதிரணியின் கோல் காப்பாளர் ஹமீட் நானாவைத் தேடி ஏறாவூருக்குப் போனேன்.

"எந்த மெச் புள்ள? அண்டைக்குப் பேய் மழை. கிரவுண்டுல முழங்கால் தண்ணி. நான் வீட்ட பிளேன்டீ குடிச்சிக்கிட்டு ரேடியோ கேட்டன். கோல் விட்டதுக்கு வாப்பா பக்கத்துல இரிந்துக்கிட்டே எனக்கு ஏசினாரு."

மாமா, என் கையிலிருந்த பேனா விழுந்துவிட்டது. திரும்பி ஓடிவந்து நாகரெத்தினம் அண்ணனைக் கேட்டால், அவர்களுடைய பஸ் பாதிவழியில் வெள்ளத்தில் நின்றதாம். தான் கோல் அடித்ததை அவரும் பஸ் ரேடியோவில்தான் அறிந்தாராம். "பஸ்ஸுக்குள்ளயே என்னத் தூக்கிற்றாங்க. இடது காலால அடிச்சன்," என்கிறார். அந்தக் கோலுக்காகத்தான் அவரை நம்முடைய விளையாட்டுக் கழகத் தலைவராக்கினார்கள். அம்மாவோ வெங்காயம் உரித்தபடி, "ரேடியோ தொடங்க ஐயர் குறிச்ச நேரம் நாலு பன்னிரண்டு. மழைக்காக நல்ல நேரத்தத் தள்ள ஏலுமா? தம்பி மைக்கப் புடிச்சான், பிறகு நிப்பாட்டத் தெரியல்ல," என்கிறா. அம்மாவுக்கும் தெரியுமாம். மூன்றாம் ஆண்டில் படிக்கும்போது அந்தக் கோலைப் பற்றிப் பேசித்தான் நான் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கினேன். அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா, மாமா?

நீங்கள் கோபித்தாலும் சரி, உண்மையைத்தான் வாசிப்பேன். உங்கள் தொண்டைக்குப் பிள்ளையார் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அதிர்ச்சி நீங்காத மருமகள்
கிருஷாந்தினி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் ஹமீட் நானா தன் மனைவி சஹ்லா அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைய வர்ணனையில் அவர் இரண்டு பந்துகளைப் பாய்ந்து பிடித்தாராம். வாழைச்சேனையில் அதைக் கேட்டுத்தான் சஹ்லா அக்காவின் வாப்பா கலியாணத்துக்குச் சம்மதித்தாராம். "வாப்பாக்கு இன்னும் தெரியா புள்ள," என்று அக்கா என் கையைப் பிடித்தா. ஆகவே முடிவை மாற்றிவிட்டேன். ஆனாலும் வரலாற்றில் பிழை இருக்கக்கூடாது. அடித்தவர் இடது கால் என்கிறார். விட்டவர் வலது கால் என்கிறார். முப்பதாம் திகதிக்கு முன் எழுதுங்கள்: எந்தக் கால், மாமா?