எப்பிடி ரீச்சரின் வேப்பமரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு மாட்டை வெறும் மாடாக நடந்துபோக விடாத ஒரே மனுசி எப்பிடி ரீச்சர்தான். சாவகச்சேரிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிப்பவர். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பிள்ளை எழும்பி, "மாடு வந்தது" என்று வசனம் சொன்னால் போதும், ரீச்சரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிடும்.

"எப்பிடி மாடு?"

"நல்ல மாடு, ரீச்சர்."

போச்சு! 'நல்ல' என்ற சொல்லுக்கு அந்த வகுப்பில் தடை.

"மாட்டைக் காணாதவனும் நல்ல மாடு எண்டு சொல்லுவான். போய் வேப்பமரத்தை ஒருக்காச் சுத்திப்போட்டு வேறை சொல்லோடை வா!"

பிள்ளை முற்றத்து வேப்பமரத்தைச் சுற்றி ஓடி, மூச்சு வாங்க வந்து, "கொம்பு முறிஞ்ச மாடு வந்தது" என்று சொல்லும். "இருங்கோ" என்பார் ரீச்சர். அதன் பிறகுதான் கதிரையில் இருக்கலாம்.

இந்த 'எப்பிடி' வருத்தம் அந்த வகுப்பில் படிக்கும் என் மகள் துளசிக்கும் தொற்றியது. ஒருநாள் வாசலில் சத்தம் கேட்டு, "ஆர் பிள்ளை வந்திருக்கிறது?" என்று குசினியிலிருந்து என் மனைவி கேட்டாள். "முகத்தை நீட்டின, தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டுற பெரியம்மா!" என்று பதில் போனது. அந்தப் பெரியம்மா பிறகு எங்கள் படலையைத் திறக்கவே இல்லை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட அதிபருக்குக் கடிதம் எழுதினேன். பக்கத்து வகுப்பு பத்து வசனம் பாடமாக்கிவிட்டது, இங்கே இன்னும் ஒரே மாட்டில் நிற்கிறார்கள், ரீச்சர் சரியில்லை, மகளை வகுப்பு மாற்றித் தாருங்கள் என்று.

அந்தக் கிழமைதான் அம்மன் கோயில் தேர். மனைவி கற்பூரச்சட்டி ஏந்தித் தேருக்குப் பின்னால் போய்விட்டாள். துளசியின் கை என் கையில். அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து அண்ணை வட்சப்பில் வந்து, தேரைக் காட்டச் சொன்னார். ஒரு கையால் போனைத் தூக்கினேன். சனம் இடித்தது. ஆடாமல் காட்ட மற்றக் கையும் தேவைப்பட்டது. அதுதான் நான் செய்த மடத்தனம்.

"தேர் வடிவாத் தெரியுது. எங்கையடா பிள்ளை? பிள்ளையைக் காட்டு" என்றார் அண்ணை.

குனிந்து பார்த்தேன். பிள்ளை இல்லை.

கோயிலுக்குப் பின்னால் கேணி இருக்கிறது. படியெல்லாம் பாசி. "துளசி!" என்று கத்தினேன். அரோகராச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சனத்தைத் தள்ளிக்கொண்டு கேணியடிக்கு ஓடினேன். கடைசிப் படியில் ஒரு சின்னச் செருப்பு, ஒற்றைச் செருப்பு, கிடந்தது.

அது என் பிள்ளையின் செருப்பா? எனக்குத் தெரியவில்லை. காலையில் அவள் என்ன செருப்புப் போட்டாள் என்றே நான் பார்க்கவில்லை. ஒரு தாய் வந்து, "எங்கடை சின்னவளின்ரை" என்று அதை எடுத்துக்கொண்டு போகும்வரை நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிடம் என் எதிரிக்கும் வரக்கூடாது.

அங்கிருந்து கோயில் ஒலிபெருக்கிக் கொட்டிலுக்கு ஓடினேன். மைக்கடியில் இருந்த பெரியவர் பேனையை எடுத்தார்.

"பிள்ளை எப்பிடி?"

"நல்ல பிள்ளை, ஐயா!"

"அது சரி. சட்டை?"

"நல்ல சட்டை."

"நிறம் என்ன, தம்பி?"

"மஞ்சள்... இல்லை, பச்சை..."

பெரியவர் பேனையை வைத்தார். "நீர் தேப்பன்தானே?"

அப்போதுதான் வீதிக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்ப்பந்தல் ஒலிபெருக்கியில் பாட்டு நின்று, ஒரு பெண்குரல் வந்தது.

"ஒரு அறிவித்தல். ஒரு அப்பாவைக் காணேல்லை. பிள்ளை எங்களோடை பத்திரமா இருக்கிறா. எல்லா அப்பாமாரும் வெறும் மேலும் வெள்ளை வேட்டியுமா நிக்கினம், அதைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்கேலாது எண்டு பிள்ளையே சொல்லுறா. அவ சொல்லுறதை அப்பிடியே வாசிக்கிறன். முதுகிலை வட்டமான கறுத்த மச்சம். முன்னுக்குத் தள்ளின வயிறு. உச்சியிலை சின்ன மொட்டை, நீட்டு மயிராலை மூடியிருப்பார். போனிலை கனடாவோடை சத்தமாக் கதைக்கிற அப்பா!"

தேர் வடம் பிடித்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாலைந்து பேர் தங்கள் உச்சியைத் தடவினார்கள். பெரியவர் என்னைத் தோளில் பிடித்துத் திருப்பி முதுகைப் பார்த்துவிட்டு, "ஆள் உவர்தான்! உவரைக் கொண்டுபோய்ப் பிள்ளையிட்டை ஒப்படையுங்கோ!" என்று மைக்கிலேயே கத்தினார்.

துளசி தண்ணீர்ப்பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்தாள். "எங்கையப்பா துலைஞ்சு போனீங்கள்?" என்றாள். கட்டிப்பிடித்து, ஊர் பார்க்க அழுதேன். அவளுடைய சட்டை மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. ஊதா.

திங்கட்கிழமை கடிதத்தைத் திருப்பி வாங்கப் போனேன். அதிபர் அதை ரீச்சருக்கே அனுப்பியிருந்தார்; அவரின் மேசையிலேயே இருந்தது. 'ரீச்சர் சரியில்லை' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில், 'எப்பிடிச் சரியில்லை?'

"விளக்கமா எழுதித் தாங்கோ, தம்பி. அதிபர் உடனை மாத்துவார்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

தேரடியில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். "நீங்கள் நல்ல ரீச்சர்" என்றேன்.

கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. விரல் யன்னலுக்கு வெளியே நீண்டது.

ஓடினேன், வேறென்ன செய்ய! இரண்டாம் வகுப்பு முழுக்கக் கைதட்டிச் சிரித்தது. என் மகளின் சிரிப்புத்தான் உரத்துக் கேட்டது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன்.

"வேறை சொல் கிடைச்சுதோ?"

"இல்லை, ரீச்சர். நல்ல ரீச்சர்."

இன்னொரு தடவை சுற்றச் சொல்லுவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் கனநேரம் துடைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"இருங்கோ."