ஹால்வரின் நாலு கூச்சல்

அண்டாவின் குழாய் நாலு சொட்டு விட்டுவிட்டு நின்றுபோனது. உள்ளே பீருக்கான இருபது லிட்டர் மால்ட் சாறு, சூடு இன்னும் அடங்கவில்லை. கீழே, அதைப் புளிக்க வைக்க வேண்டிய வாளி காலியாகக் காத்திருந்தது.

"கசப்புக்குப் போட்ட ஹாப்ஸ் பூ அடைச்சிருக்கும்," என்றான் ஹால்வர். பீர் காய்ச்சுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

"என்னமோ பண்ணு. ஆனா சத்தமில்லாம பண்ணு," என்றாள் மனைவி சில்யே.

ஆஸ்லோவை விட்டு வோஸ் பக்கத்து இந்தக் கிராமத்துக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. திங்கட்கிழமை அவள் இங்கே நர்ஸாகச் சேர வேண்டும். அக்கம்பக்கத்தில் இன்னும் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஹால்வர் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குத்தினான். சாறு பீய்ச்சியடித்துச் சட்டைக் கைக்குள் பாய்ந்தது.

"ஆஆஆ!"

எதிர்வீட்டு ராங்னா விறகு அடுக்குவதை நிறுத்தினாள். மால்ட் மணம் வீசிய, திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். ஒரு விரலை மடித்தாள்.

"எதுக்கு விரலை மடிக்கிறா?" என்றாள் சில்யே.

"எத்தனை தடவை கத்துறேன்னு பார்க்கிறா. புகார் குடுக்கத்தான்!"

குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது. ஹால்வர் ரப்பர் குழாயை மேலே விட்டு வாயால் உறிஞ்சினான். வராது வராது என்றிருந்தது, ஒரேயடியாக வந்தது.

"ஊஊஊ!"

ராங்னா இரண்டாம் விரலை மடித்தாள். இப்போது அவள் புருஷனும் பக்கத்தில் நின்றான்.

"நாக்கு வெந்தாலும் பரவாயில்லைன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?"

"நீ உறிஞ்சிப் பாரு, தெரியும்!"

கடைசியில் இருவருமாக அண்டாவைத் தூக்கினார்கள். கைப்பிடி சுட்டது. சில்யே பொத்தென்று இறக்கினாள். அண்டாவுக்கும் தரைக்கும் நடுவில் ஹால்வரின் கட்டைவிரல்.

மூன்றாம் கூச்சலுக்குத் தெருவில் ஐந்து பேர். ஒருவர் முகத்திலும் கோபமில்லை. அதுதான் ஹால்வருக்குப் புரியவில்லை. ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள், தலையாட்டிக்கொண்டார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கி, வாளியில் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற வாளி நிறையவில்லை.

"சில்யே, எங்கே போகுது இது?"

அவள் குனிந்து பார்த்தாள். வாளியின் அடிக்குழாய் திறந்தே கிடந்தது. ஹால்வரின் காலுறை கதகதப்பாக நனைந்தது. பாதிச் சாறு தரையில் ஓடியது.

நாலாவது கூச்சல் மலையில் மோதித் திரும்பி வந்தது.

குழாயை மூடித் தரையைத் துடைப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. ஐந்து பேரும் வாசலில். முன்னால் ராங்னா, மடித்த நாலு விரலோடு.

"மன்னிச்சிடுங்க," என்றான் ஹால்வர், வெந்த நாக்கோடு. "இனிமே சத்தமே வராது."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க! புளிக்க வைக்க ஈஸ்ட் போடுறப்ப எவ்வளவு கத்துறோமோ அவ்வளவு காட்டமா பீர் வரும்னு எங்க ஊருல ஒரு நம்பிக்கை. நாங்களே ஒரே ஒரு கத்துதான் கத்துவோம். நீங்க நாலு கத்திட்டீங்க! அதான், உங்க பீரைக் குடிச்சிட்டு எந்தத் தேதியில காரைத் தொடாம இருக்கணும்னு கேட்டுட்டுப் போக வந்தோம்."