கடைசி பஸ்ஸுக்காகப் பாதியில் விட்ட பேய்

அன்புள்ள மாமாவுக்கு,

லிந்துலையிலிருந்து உங்கள் அக்கா மகள் பிரேமினி வணக்கத்துடன் எழுதுவது. முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். நீங்களும் மாமியும் கொழும்பில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலமாக இல்லை. எல்லாரும் தூங்கிய பிறகு கம்பளிக்குள் டோர்ச் பிடித்து இதை எழுதுகிறேன். எழுத்து நடுங்கியிருந்தால் அது குளிரால் மட்டும் இல்லை. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது தபாலில் போட்டுவிடுவேன். அப்பாவுக்குத் தெரியக் கூடாது.

உங்கள் கடைக்கு எதிரில் ஒரு பேய்ப்படத்தின் போஸ்டர் ஒட்டியிருப்பதாகச் சொன்னீர்களே, அந்தப் படத்துக்குத்தான் ஒன்பது நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனுக்குப் போனோம். ஞாயிறு என்றால், வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா பூட்டு, தங்கச்சி சுலக்ஷனாவை விட இடமில்லை. அவளுக்கு நாலு வயதுதானே என்று அம்மா இழுத்தார். “சின்னப் புள்ளைக்கு என்னா வெளங்கப்போவுது? இருட்டுல தூங்கிரும்” என்று அப்பா சொன்னார். அங்கே போய்ப் பார்த்தால் எல்லா அப்பாக்களும் அதையே சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். ஒரு பிள்ளையும் தூங்கவில்லை. பேய் ஒரு தடவை கத்தினால் பிள்ளைகள் பத்து தடவை கத்தினார்கள். பின்னாலிருந்து ஒருவர், “புள்ளயத் தூக்கிட்டு வெளிய போங்கய்யா!” என்றார். “நீ போய்யா, எம்புள்ளையும் படம் பாக்கத்தான் வந்திருக்கு!” என்றார் இன்னொருவர். பாட்டில் கதாநாயகனும் கதாநாயகியும் கிட்டே வந்தபோது அப்பா எங்கள் இருவரின் கண்ணையும் இறுக்கிப் பொத்தினார். பாட்டு முடிந்து பேய் ஒருவரின் கழுத்தைக் கடிக்கும்போது, “இப்பப் பாக்கலாம்” என்று கையை எடுத்துவிட்டார்.

அது பொம்பளைப் பேய், மாமா. தலையில் சாக்கைப் போட்டு, முகம் தெரியாமல், பனியில் நடந்து வரும். ஒரு வீட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டால் அந்த அம்மாவின் குரலிலேயே பேசிக் கதவைத் திறக்கச் சொல்லும். அதைக் கொல்லப் பூசாரி வேப்பிலையோடு கிளம்பினார். அந்த நேரம் பார்த்து அப்பா எழுந்து, “வாங்க, வாங்க, பஸ்ஸு போயிரும்” என்றார். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கடைசி பஸ் ஐந்தே காலுக்கு என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்து ஆட்கள் எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை. பஸ்ஸில் ஆளுக்கொரு முடிவு சொல்லி, தலவாக்கலை வருவதற்குள் எல்லாரும் ஒன்றுக்கு ஒத்துக்கொள்வார்கள். அன்றைக்கு எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுப் பழனியாண்டி அண்ணன்தான் முடிவு சொன்னார்: “அது எங்க சாவப்போவுது? நாளைக்கே நம்ம தோட்டத்துல பேர் பதிஞ்சு கொழுந்தெடுக்க வந்துரும் பாருங்க!” பஸ்ஸே சிரித்தது. தங்கச்சி சிரிக்கவில்லை. “அக்கா, பேர் பதியிறதுன்னா என்னா?” என்று கேட்டாள். நான் வகுப்பில் முதலாம் பிள்ளை அல்லவா, வேலைக்குச் சேருவது என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பாவம் எனக்குத்தான்.

மறுநாள் நல்ல மழை, பனியும் மூடியிருந்தது. பிள்ளைக் காம்பராவிலிருந்து தங்கச்சியைக் கூட்டி வந்து வாசலில் நின்றேன். மலைப் பாதையில் அம்மா வந்தார். முதுகில் கூடை, தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டு, முகம் தெரியாமல், பனிக்குள்ளிருந்து மெதுவாக. தினமும் அம்மா இப்படித்தான் வருவார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தங்கச்சி கத்திக்கொண்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாளைப் போட்டபோது நானும் உள்ளேதான் இருந்தேன்.

“அடியே பிரேமினி, தொறடி, நனையிறேன்ல!”

“அம்மா மாதிரியே பேசுதுக்கா, தொறக்காத!”

“என்னாடி வெளையாட்டு? குளிருது, தொறடி!”

உண்மையைச் சொல்கிறேன் மாமா, நானும் உடனே திறக்கவில்லை. “உங்க தம்பி பேரு என்னா?” என்று உள்ளேயிருந்தே கேட்டேன். “அழகுமுத்து! தொற, ஒனக்கு இருக்குடி!” என்று பதில் வந்தது. இது நம் அம்மாதான் என்று எனக்குத் தெளிந்தது. திறந்தேன். ஆனால் அம்மாவை அட்டை கடித்திருந்தது, கால் வழியாக ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத் தங்கச்சி கட்டிலுக்கடியில் போனவள்தான்.

அன்றிலிருந்து அம்மா ஊட்டினால் அவள் வாயைத் திறப்பதில்லை. அம்மா தொட்டால் உடம்பு விறைத்துப் போகிறது. கொங்காணி போடாமல் வந்தால் சரியாகும் என்று அம்மா நான்கு நாள் மழையில் வெறும் தலையோடு வந்து காய்ச்சலில் படுத்தார். இருமலில் குரல் மாறிப்போனது, அதனால் பயம் இன்னும் கூடிவிட்டது. நேற்று ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே, “பெத்த புள்ள என்னயப் பாத்து ஓடுது” என்று அழுதார். நானோ ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை, கக்கூசுக்கு வெளியே போக வேண்டி வருமே.

அப்பா இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார். “முடிவு பாக்காததுதான் வெனை. பேய் சாவுறதக் கண்ணால காட்டிட்டா பயம் தெளிஞ்சிரும்” என்று பழனியாண்டி அண்ணன் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வருகிற ஞாயிறு மறுபடியும் அதே படம். பஸ்ஸை நம்பாமல் ஆட்டோ பேசியாகிவிட்டது. கடைசி அரை மணி நேரம் மட்டும் காட்டுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். “முழுக் காசு குடுத்துட்டு அரை மணி பாக்க நான் என்ன கிறுக்கனா?” என்றார். ஆகவே பேய் முதலிலிருந்து அத்தனை கழுத்தையும் திரும்பக் கடிக்கும், தங்கச்சி திரும்பப் பார்ப்பாள்.

மாமா, அப்பா உங்கள் பேச்சைத்தான் கேட்பார். சனிக்கிழமைக்குள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லுங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை, சொன்னால் போதும். உங்களை விட்டால் எங்களுக்கு யாரும் இல்லை.

மாமிக்கு என் அன்பு. உங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே எந்தக் கெட்டதும் வராமல் மாரியம்மா காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
பிரேமினி

பின்குறிப்பு: மாமா, போன் செய்ய வேண்டாம். வெளிச்சம் கண்டு தங்கச்சி எழுந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் போகாமலிருக்க மாமாவுக்கு எழுதுகிறேன், பயப்படாதே என்று காதில் சொன்னேன். உடனே விம்மத் தொடங்கிவிட்டாள். “போவணும்க்கா. பேய் சாவலன்னா நம்ம அம்மாவ எப்புடி வுடும்?” என்கிறாள். இத்தனை நாளும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறாளாம். நாங்கள் போகிறோம். கொழும்பில் நீங்கள் படங்களைக் கடைசி வரை பார்ப்பீர்கள் அல்லவா, அந்தப் பேய் சாகிறதா? சாகாது என்றால் மட்டும் போன் செய்யுங்கள்.