ஜாக்கிரதைக்காரரின் கொக்கி

ஜாக்கிரதைக்காரர் என்றொரு இனம் உண்டு. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பவரைச் சொல்லவில்லை. அவர் பாவம், பயந்தவர். நான் சொல்கிறவருக்குப் பயமே கிடையாது. விபத்து என்பது கவனம் இல்லாதவர்களுக்கு நேர்வது, தானோ கவனமானவர், ஆகவே அது தன் விலாசத்தை விசாரித்துக்கொண்டு வராது என்பது அவருடைய சித்தாந்தம். இவரிடம் இன்சூரன்ஸ் என்று வாயெடுத்துப் பாருங்கள். குலத்தையே பழித்துவிட்டதுபோல முகம் சிவக்கும்.

எங்கள் நெப்ராஸ்காவில் இந்த இனம் சோளத்தைவிடச் செழிப்பாக விளைகிறது. அதில் முற்றிய கதிர் லாயிட் வாவ்ரா. மாடுகளை விற்ற கையோடு, பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் டிரெய்லர் வீடு ஒன்றைப் புத்தம்புதிதாக வாங்கினார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. அவர் மனைவி டோரீன், பள்ளிக்கூடச் சமையலறையில் ஊரார் பிள்ளைகளுக்குப் பரிமாறியே நரைத்தவர். ஏரிக்கரையில், சொந்தப் படுக்கையில், யாரும் எழுப்பாமல் கண்விழிக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு வாழ்க்கையில் இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

நான் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் அலுவலகத்தில். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் என்பதால் ஊர்க்காரர்கள் எதற்கும் என்னிடம்தான் வருவார்கள். யோசனை கேட்க அல்ல, சொல்லிவிட்டுப் போக. லாயிட்டும் டோரீனோடு அப்படித்தான் வந்து என் மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

மரம் விழுந்தால் என்றேன். மரத்தடியில் நிறுத்துகிறவன் மடையன் என்றார். திருடு போனால்? பூட்டு வாங்கியாயிற்று. தீப்பிடித்தால்? டோரீன் அடுப்பில் கெட்டிக்காரி என்றார். முப்பது வருஷத்தில் அந்த அம்மாள் அவரிடம் வாங்கிய முதல் பாராட்டு அதுவாகத்தான் இருக்கும். ஆலங்கட்டி மழை? ஜன்னல் வழியே மேலே பார்த்தார், வானம் தன்னிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு பெய்வதைப்போல.

"என் முட்டி வலிச்சா மறுநாள் மழை, தம்பி. இதுக்கு மேல என்னத்துக்கு இன்சூரன்ஸு?"

"முட்டி மழையைச் சொல்லும் மாமா. கூரை மாத்தித் தருமா?"

டோரீன் சிரித்துவிட்டார். காரியம் கெட்டது. லாயிட் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்: டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது, கொக்கியில் மாட்டிவிட்டால் அது பிக்கப்பின் வால், பிக்கப்புக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, மாட்டுக்கு எடுத்தவன் வாலுக்குத் தனியாக எடுப்பானா? கேட்க அழகாகத்தான் இருந்தது. அந்த வால் அடுத்தவரை இடித்தால் அடுத்தவருக்குக் கிடைக்கும், வாலுக்கே அடிபட்டால் சல்லிக்காசு கிடைக்காது என்று பொறுமையாக விளக்கினேன். ஜாக்கிரதைக்காரரின் காது வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைக் கீழே விட்டுவிடும். கொக்கியில் இருக்கும்வரை கவலையில்லை என்ற முடிவோடு எழுந்தார்.

டோரீன் எழவில்லை. "ஆலங்கட்டிக்கு மட்டுமாவது எடுத்துருவோமேங்க."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்விக்கு எந்த மனைவிதான் பதில் சொல்லித் தப்பித்திருக்கிறாள்?

ஜூன் மாதம் ஏரிக்கரைக்குப் போனார்கள். மரமில்லாத இடமாகப் பார்த்து, டிரெய்லரைக் கழற்றி நிறுத்தி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அக்கம்பக்கத்து டிரெய்லர்காரர்களுக்கெல்லாம் லாயிட் வால் தத்துவத்தை உபதேசித்தார். மூன்றாம் நாள் பிற்பகல் வானம் பச்சை கட்டியது; எங்கள் பக்கத்தில் ஆலங்கட்டிக்கு அதுதான் முன்னறிவிப்பு. முட்டி மூச்சு விடவில்லை.

ஆலங்கட்டி எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாக விழத் தொடங்கியதும் அக்கம்பக்கத்தார் எல்லோரும் கான்கிரீட் கழிப்பறைக்குள் ஓடினார்கள். லாயிட் எங்கே ஓடினார்? மாவு பிசையும் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பிக்கப்பை நோக்கி ஓடினார். மாட்டிவிட்டால் போதும், வாலாகிவிடும். பின்னால் எடுத்தார், ஒரு சாண் விலகியது. முன்னால் போனார், இறங்கிப் பார்த்தார், ஏறினார், மறுபடி பின்னால் எடுத்தார். இந்தப் பக்கம் ஒரு சாண். இறங்கும்போதெல்லாம் தலையில் மாதா கோயில் மணி அடித்தது. டோரீன் டிரெய்லர் வாசலில் நின்று, இடது, வலது என்று சாவதானமாக வழி சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கொக்கி விழுந்தது.

"மாட்டிட்டேன் டோரீன். இனி கவலையில்ல."

"சரிங்க. மேல இருக்கிறவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

அதற்குள் கூரை ஜன்னல் நொறுங்கி, மேலே இருந்தவரின் பதில் நேராகப் படுக்கையில் விழுந்தது.

மறுநாள் லாயிட் என்னை அங்கே வரவழைத்தார். கொக்கி மாட்டியிருப்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். உறுதியாகத்தான் மாட்டியிருந்தது. டிரெய்லரின் கூரை பொத்தல், சுவரெல்லாம் அம்மைத் தழும்பு, மெத்தை வெளியே வெயிலில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காசும் வராது என்று சொன்னேன். "அப்போ பாதி மழை மாட்டினதுக்கு அப்புறம்தானே பெஞ்சுது?" என்றார். டோரீன் பிக்கப்பின் பின் இருக்கையில் கம்பளிக்குள் முடங்கியிருந்தார்.

"நான் இனி இதுலதான் படுத்துக்குவேன் தம்பி," என்றார். "இதுக்குத்தானே எல்லா இன்சூரன்ஸும் இருக்கு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தெருமுனையில் போலீஸ் தலை தெரிந்ததும், பெட்ரோல் டாங்க் மேல் சவாரி செய்துகொண்டிருந்த ஹெல்மெட் அவசரமாக உங்கள் தலைக்கு ஏறியதை நான் பார்க்கவே இல்லை. "நான் எப்பவும் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்று நீங்கள் இப்போது முணுமுணுப்பதும் எனக்குக் கேட்கவில்லை.